கிரைண்டர் மாவு சிவந்த காட்சி

1. ஒரே புள்ளி

அன்று புதன்கிழமை. காலை ஒன்பது நாற்பதுக்கு சென்னை ஆபீசிலிருந்து ப்ராஜக்ட் மேனேஜர் பத்மா மேடம் கூப்பிட்டார் என்று என் டைரியில் இருக்கிறது. நான் அப்போது செங்கல்பட்டு பகுதிக்கு பேக்-செக் சூப்பர்வைசர். சர்வே எடுப்பவர்கள் நிஜமாகவே வீடு வீடாகப் போய்க் கேட்டார்களா, இல்லை ஓரிடத்தில் உட்கார்ந்து தாங்களே நிரப்பினார்களா என்று பின்னால் போய்ச் சரிபார்க்கும் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம்.

அந்த மாதம் ஒரு டிவி சேனலுக்கான சர்வே நடந்துகொண்டிருந்தது. அவர்களுடைய துப்பறியும் தொடரில் ரத்தமும் கொலையும் அளவு மீறிப் போகிறதா என்று நேயர்களிடம் கேட்க வேண்டும்.

"சார், மதுராந்தகம் ரேவதி அனுப்பின பதினோரு இன்டர்வியூவும் ஜிபிஎஸ்ல ஒரே புள்ளியில விழுது. ஏரிப்பக்கம் ஒரு பஸ் ஸ்டாப். பதினோரு குடும்பமும் பஸ் ஸ்டாப்லயா குடியிருக்கு?"

"அந்தப் பதினோரு பேர் நம்பருக்கும் போன் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?"

"காலையிலேர்ந்து பண்றோம், ஒருத்தர்கூட எடுக்கல. இன்னொண்ணு கேளுங்க. 'உங்களை மிகவும் பாதித்த காட்சி எது'ன்னு கேட்டதுக்குப் பதினோரு பேரும் ஒரே பதில். கொலைகாரன் அந்தப் பொண்ணோட கையை கிரைண்டர்ல விட, மாவு செவந்து போற சீனாம். அப்படி ஒரு சீனே தொடர்ல கிடையாது சார்."

நான் கிரைண்டர் வரும் எபிசோடை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். சமையலறைக் கதவு சாத்தப்படுகிறது. உள்ளே கிரைண்டர் ஓடும் சத்தம், ஓர் அலறல். உடனே விளம்பரம். திரும்பி வந்தால் போலீஸ் ஜீப். மாவும் இல்லை, கையும் இல்லை, ஒரு சொட்டு ரத்தமும் இல்லை.

ஒரே இடம், எடுக்காத போன், ஒரே மாதிரி பதில். இதில் ஒன்று இருந்தாலே நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இங்கே மூன்றும் இருந்தன. "ஃபேக் மாதிரிதான் தெரியுது மேடம்" என்று திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். நேரில் போய்ப் பார்ப்பதற்கு முன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பன்னிரண்டு மணிக்குள் ரேவதியை அடுத்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாலை ஆறு மணிக்குள் நான் 'போலி' என்று டிக் போட்டால் அவள் பெயர் பிளாக் லிஸ்டுக்குப் போகும். அந்த லிஸ்டை இந்தப் பக்கத்து ஏஜென்சிகள் எல்லாம் பகிர்ந்துகொள்வார்கள். அதற்குப் பிறகு யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். கணவன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை அந்த வேலையில்தான் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

2. "நீ இன்னா லோன்காரனா?"

பேக்-செக் போவதை சர்வே எடுத்தவரிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது விதி. ரேவதிக்குச் சொல்லாமல் அந்த பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பக்கத்தில் ஒரு வீடு இல்லை. மனதுக்குள் டிக் போட்டாகிவிட்டது.

மூன்று இருபதுக்கு ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் உள்ள தொழிற்சாலையில் முதல் ஷிப்ட் முடித்த பெண்கள் பதினைந்து பேர் இறங்கினார்கள். டேப்லெட்டில் இருந்த பெயர்களைப் படித்தேன்.

நீல யூனிபார்ம் போட்ட ஒருத்தி முன்னால் வந்தாள். "பேர்லாம் கரெக்டா சொல்றியே, நீ இன்னா லோன்காரனா? சங்கப் பணம் போன வாரமே கட்டியாச்சு."

"இல்லம்மா, டிவி சர்வே."

"ஐயே, அதான் ரேவதி வந்து கேட்டுகினு போச்சே. ஷிப்ட் முடிஞ்சு வூட்டுக்குப் போனா கதவ சாத்திகினு படுத்துருவோம்னுதான் இங்கயே நின்னு ஒவ்வொருத்தரா கேட்டுச்சு. மூணு நாளு வந்துச்சு."

"காலையில ஏன் யாரும் போன் எடுக்கல?"

"உள்ள போன் கொண்டுபோனா வேலை காலி. லாக்கர்லதான் இருக்கும்."

மூன்றில் இரண்டு சந்தேகம் அங்கேயே போயிற்று. ஆனால் நான் விடவில்லை. மாவு சிவந்த காட்சியைப் பற்றித் தனித்தனியாகக் கேட்டேன். எந்த விரல் முதலில் போயிற்று என்பது வரை சொன்னார்கள். ஒருத்தி, "அத்தப் பாத்ததுலேர்ந்து நான் கிரைண்டரே போடல சார். நாலு நாளா கடை மாவுதான்" என்றாள்.

ரேவதி சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். எங்கள் தொழிலில் ஒரு பொறிக் கேள்வி உண்டு. பார்த்தவர்களால் மட்டும் சொல்லக்கூடியதைக் கேட்பது.

"தொடர்ல வர்ற இன்ஸ்பெக்டருக்கு மீசை உண்டா?"

ஒருத்தி உண்டு என்றாள், இன்னொருத்தி இல்லை என்றாள்.

"தொடரை நீங்க யாரும் பாக்கவே இல்ல."

"பாக்கலன்னு யாரு சொன்னா? விடிகாலை நாலு மணிக்கு எழுந்திரிக்கிறவ ராத்திரி பத்து மணிக்கு எப்படி டிவி பாப்பா? காலைல பஸ்ஸுல காஞ்சனாக்கா சொல்லும். கேட்டுகினே வருவோம். அது பாத்த மாதிரிதான்."

காஞ்சனா பின்னால் நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். தூக்கம் வராத வியாதி என்று பிறகு சொன்னார்கள். அவள் மட்டும்தான் தினமும் தொடரைப் பார்க்கிறவள்.

"ஏம்மா, அந்தக் காட்சியை அவங்க காட்டலையே?"

"காட்டல சார். கதவத்தான் காட்டுனான்." கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "உள்ள கிரைண்டர் ஓடுது, பொம்பள கத்துறா. வேற இன்னா நடந்திருக்கும்? அவன் வெளியவே நின்னுட்டான். நான் உள்ள போய்ப் பாத்தேன்."

"அதை இவங்ககிட்ட சொல்லலாமா? பயந்துபோயிருக்காங்க."

"சொல்லலன்னா தூங்கிடுவாளுங்க சார். தூங்கினா கேட்ல எறங்கறப்ப ஒருத்தி விழுந்து எந்திரிப்பா. போன மாசம் ஒருத்தி பல்லு போச்சு."

"ஆனா ஒண்ணு அக்கா," என்றாள் கடை மாவுக்காரி, "அந்த சேனல்காரன் ரொம்ப ஓவராத்தான் போறான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, மணி நாலரை.

3. டிக்

எங்கள் ஃபார்மில் இரண்டே கட்டம்: உண்மை, போலி. பதினொன்றுக்கும் 'உண்மை' போட்டுவிட்டு மேடத்தைக் கூப்பிட்டு முழுவதையும் சொன்னேன்.

"சரி சார், ஃபேக் இல்ல. ஆனா அவங்க பாக்கவே இல்லையே. பதினொண்ணையும் டிலீட் பண்ணிடுங்க."

"பயந்தது அவங்கதான் மேடம்."

"கிளையன்ட் எடுக்காத சீனுக்கு கிளையன்ட் என்ன சார் பண்ணுவாங்க?"

பதினொன்றையும் டிலீட் செய்தேன். ரேவதியைத் திரும்ப வேலையில் போடச் சொல்லி மட்டும் பிடிவாதம் பிடித்தேன். காலையில் நான் சொன்னது தப்பு என்று எழுத்தில் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். பேக்-செக்கில் நான் எழுதிக் கொடுத்த ஒரே மன்னிப்பு அது.

ரேவதி அன்று மாலை ஆறேகாலுக்குக் கூப்பிட்டாள். "எனக்குத் தெரியாம போனீங்களாமே சார்."

"அதுதான்மா ரூல்."

"பஸ் ஸ்டாப்புல நின்னு கேட்டது ரூல் இல்லதான் சார், ஒத்துக்கறேன். ஆனா ஃபேக் மாதிரின்னு சொன்னீங்களே, அது எந்த ரூல்?"

மன்னித்துக்கொள் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளை அணுபுரத்துக்கு அனுப்பினார்கள். அணுமின் நிலைய ஊழியர் குவார்ட்டர்ஸ், படித்த குடும்பங்கள். இந்த முறை விதிப்படி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டிருந்தாள். ஜிபிஎஸ் புள்ளிகள் கோலப்புள்ளி மாதிரி தனித்தனியாக விழுந்தன. பேக்-செக்குக்கு நான் கூப்பிட்டபோது எல்லோரும் முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். தொடரில் வன்முறை மிக அதிகம், தங்கள் வீட்டில் அதைப் பார்ப்பதே இல்லை என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். இவ்வளவு சுத்தமான பேட்ச் என் கைக்கு வந்ததே இல்லை என்று பத்மா மேடம் பாராட்டினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கோணலாக இருக்கும் ஃபார்மைப் பார்த்து 'போலி' என்று சொல்வதற்கு முன் அந்த பஸ் வரும்வரை நில்லுங்கள். நேராக இருக்கும் ஃபார்முக்கு என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமை ரேவதி டேப்லெட்டில் குறிப்புக் கட்டத்தில் எனக்கு மட்டும் ஒரு வரி எழுதியிருந்தாள்: "சார், இவங்க யாருமே பாக்கறதில்லையாம். ஆனா நேத்து ராத்திரி எபிசோடுல மாட்டின கொலைகாரன் அந்த டாக்டர்தான்னு மூணு வீட்ல சொல்லிட்டாங்க. இதுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடணும்?"