எந்தப் பக்கம் கடை போடலாம்

பல்கலைக்கழகத்தில் முயற்சியாண்மையை, அதாவது சொந்தத் தொழில் தொடங்கும் பாடத்தை, நான் ஒருநாளும் புத்தகத்தை வைத்துப் படிப்பித்ததில்லை. அந்தப் புத்தகங்களில் கடை திறக்கப் போகிற எவனும், தமிழன் என்பதற்காகக் கேட்கப்படும் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் கொண்டு திரிவதில்லை. அதனால் யுத்த காலத்திலும் மாணவர்களைத் தெருவுக்குத்தான் அனுப்பினேன். ஒரு சந்தியில் நின்று, எந்தப் பக்கத்தால் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று தாளில் கோடு போட வேண்டும். கடைக்கு இடம் பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வெள்ளவத்தைச் சந்தியொன்றில் இரண்டு காலை கோடு போட்டாள் ஒரு மாணவி, கொட்டாஞ்சேனைப் பிள்ளை. இரண்டாம் நாள் அங்கே சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். அவள் எண்ணி முடிக்கும் நேரத்தில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு தமிழ்ப் பிள்ளை தெருவில் நின்று ஆட்களை எண்ணினால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அந்த மடத்தனத்துக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அரை நாள் பொலிஸ் நிலையத்தில் நின்று, அழுதழுது முகம் வீங்கியிருந்தவளைக் கூட்டி வந்தேன். தாள்களைத் தரவில்லை.

மறுநாள் துறைத்தலைவர் கூப்பிட்டார்.

"உங்கட நிரந்தர நியமனம் இன்னும் வரேல்ல. பேசாமல் புத்தகத்தில இருக்கிறதைப் படிப்பியுங்கோ."

"அவள் செய்தது படிப்பு, சேர். தாளைக் கேட்டு வாங்கத்தான் போறன்."

"போனா நான் உங்களுக்காகக் கதைக்க மாட்டன்."

போனேன். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி தாள்களை மேசையில் விரித்து வைத்திருந்தார். அவருடைய மச்சான் அந்தச் சந்தியில் போட்டோக் கொப்பிக் கடை போடப் போகிறாராம். எந்தப் பக்கம் நல்லது மிஸ் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. முந்தின நாள் அந்தப் பிள்ளையைக் குற்றவாளியாக்கிய அதே தாள்!

இரண்டு நாள் கோடுகளையும் அருகருகே வைத்துக் காட்டினேன். சாவடி இல்லாத காலையில் சனம் நிறைந்திருந்தது. சாவடி வந்த காலையில் பாதிகூட இல்லை. மிச்சப் பேர் குறுக்கு ஒழுங்கையால் இறங்கிப் போனதையும் அவள் ஓரத்தில் குறித்திருந்தாள்.

"எந்தப் பக்கமும் வேண்டாம். முதலில் சாவடியை எடுங்கள், பிறகு கடை போடலாம்" என்று சிங்களத்திலேயே சொன்னேன்.

அவர் தாள்களை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அந்த வருடத்தின் அதிகூடிய புள்ளியை அவளுக்குப் போட்டேன். குறைக்கச் சொன்னார் துறைத்தலைவர். குறைக்கவில்லை. நியமனம் இரண்டு வருடம் பிந்தி வந்தது. அதுவரைக்கும் ஒவ்வொரு தவணையும் மாணவர்களோடு நானும் சந்தியில் நின்று கோடு போட்டேன்.