அண்ணன் வாங்கி வந்த முள் கடிவாளம்

ஒரு வாய்க்குள் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. நெய்யாற்றின்கரையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறேன். வக்கீலானாலும் போலீஸ்காரரானாலும் என் நாற்காலியில் மல்லாந்து வாயைத் திறந்தால் ஒன்றுபோலத்தான் நடுங்குவார்கள். நான் சொன்னதைக் கேட்டு நடப்பார்கள். கேட்காத ஒரே ஆள் என் கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணனுக்குப் பாறசாலையில் இரும்புக்கடை. குழாய், ஆணி, கொண்டி, சங்கிலி, அவருக்குத் தெரியாத இரும்பு கிடையாது. குன்னத்துகாலில் குடும்ப நிலத்தைப் பாகம் வைத்தபோது முன்பக்கம் அவருக்கும் பின்பக்கம் எனக்கும் வந்தது. நடுவே வேலி இல்லை. அவர் முற்றத்தில் என்ன நடந்தாலும் என் அடுக்களை ஜன்னலில் தெரியும். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளை குதிரையில் வந்துதான் மண்டபத்தில் இறங்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. தமிழ்நாட்டுப் பக்கம் போய் ஒரு செவலைப் பெண்குதிரையை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

“வாடகைக்கு எடுத்தா போதாதா?” என்று அண்ணன் மனைவி, என் மயினி, கேட்டாள்.

“வாடகைக்கு எடுத்தவனெல்லாம் உண்டு. சொந்தமா வாங்கினவன் இந்தப் பக்கத்தில நான் ஒருத்தனாக்கும்” என்றார் அண்ணன்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பெங்களூரில் படித்த காலத்தில் ஒரு குதிரைப் பள்ளிக்கு ஞாயிறுதோறும் போய் ஏறப் பழகியிருந்தேன். இந்தக் குதிரை சாது. வாழைப்பழத் தோலுக்காக என் கையைத் தேடி வரும். பழத்தைக் கொடுத்தால் கீழே போட்டுவிட்டுத் தோலைத்தான் தின்னும். கடிவாளத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் பக்கத்தில் போனால் மட்டும் தலையை வானத்துக்குத் தூக்கிவிடும். மாட்டிய பிறகு வாயைப் பிளக்கும், தலையை உதறும், பின்னால் பின்னால் போகும்.

“முரட்டுச் சாதி. அதிலயும் பெண்ணில்லியா, பிடிவாதம் கூடுதல்” என்றார் அண்ணன். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். ஆனால் அவள் முற்றத்தைத்தான் சொன்னாள், என் அண்ணன் பெண்குலத்தையே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் காலையில் போய்க் குதிரையின் உதட்டை விலக்கிப் பார்த்தேன். இரண்டு கடைவாயிலும் புண். குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஓர் இடம் உண்டு. எலும்பு, அதன் மேல் மெல்லிய ஈறு, அவ்வளவுதான். கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் கிடக்கும். அந்த ஈறும் கன்றிப்போயிருந்தது. ஒரு நூலை வாய்க்குள் குறுக்கே விட்டு, இரண்டு பக்கமும் உதட்டோரத்தில் முடிச்சுப் போட்டு அளந்தேன். ஐந்தேகால் அங்குலம். அண்ணன் வாங்கிப் போட்டிருந்த இரும்பு நாலரை. குழாய்க்கு வளைவு வாங்குகிற மாதிரி, படம் பார்த்து ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். போதாததற்கு அது நடுவில் ஒரே மூட்டு உள்ள இரும்பு. லகானை இழுத்தால் இரண்டாக மடங்கி மேலண்ணத்தில் குத்தும். இந்தக் குதிரைக்கு நாக்கு வேறு தடிமன், வாய்க்குள் இடமே இல்லை.

எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னேன். ஐந்தரை அங்குலத்தில் வழவழப்பான இரும்பு வேண்டும், நடுவில் இரண்டு மூட்டு இருந்தால் நாக்கோடு பதிந்து கிடக்கும், மாட்டினால் உதட்டோரத்தில் ஒரு சுருக்கம் விழ வேண்டும், அதற்கு மேல் இறுக்கக் கூடாது, மூக்குப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். சேணமும் நடுமுதுகெலும்பில் அழுத்துகிறது, அதையும் மாற்ற வேண்டும். சேணத்தை மாற்றச் சம்மதித்தார். கரிசனத்தால் அல்ல, புதுச் சேணத்தில் ஜரிகை அதிகம். இரும்பு விஷயத்தில் மட்டும் சிரித்தார்.

“எட்டி, இருபத்தஞ்சு வருசமா கொண்டியும் வளையமும் விக்கியேன். எனக்கு அளவு நீ சொல்லித் தருவியா?”

அடுத்த வாரம் ஒரு பார்சல் வந்தது. பிரித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் பித்தளைப்பூ வேலை செய்த வளையங்கள், பார்க்க அழகு. நடுவில் வாய்க்குள் போகிற கம்பி முழுக்க முள். என் ஆஸ்பத்திரியில் எத்தனையோ கூர்மையான சாமான் உண்டு. ஒன்றைக்கூட மருந்து போட்டு மரக்கவைக்காமல் ஒரு வாய்க்குள் நான் கொண்டுபோனதில்லை. முள் வைத்த கடிவாளத்தைச் சட்டமே கூடாது என்கிறது. அதையும் சொன்னேன்.

“ஆனைக்குக் குத்தி நிறுத்தத் தோட்டி உண்டு, காலில சங்கிலி உண்டு, கூட ஆனைக்காரன் உண்டு. இதுக்கு என்ன உண்டு? ஆயிரம் பேர் நிக்க இடத்தில இது மிரண்டா நீயா பிடிப்ப?” என்றார்.

அதுதான் எங்கள் ஊர்க்காரர்களின் புத்தி. பிறந்ததிலிருந்து ஆனையைப் பார்த்து வளர்ந்தவர்கள். பெரிய மிருகம் என்றால் இரும்பு, இரும்பு என்றால் பாதுகாப்பு. ஆனை மதம் பிடித்து ஓடியதைப் பார்த்து வந்த பயத்தை, வாழைப்பழத் தோலுக்கு அலைகிற ஒரு குதிரையின் வாயில் கொண்டுபோய்த் திணிக்கிறார்கள்.

“அண்ணே, ஒங்க செட்டுப்பல்லுக்க விளிம்பு ஒரு பொட்டு உரசினதுக்கு எத்தன மட்டம் எங்கிட்ட ஓடி வந்திய? ராத்திரி ஒறக்கம் இல்லன்னு அழுதிய இல்லியா?” என்று கேட்டேன்.

“அது மனுசனுக்க வாயாக்கும்” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

வாயில்லா ஜீவன் என்கிறார்கள். வாய் இருப்பதால்தானே அதற்கு இத்தனை பாடு!

அந்த முள் கடிவாளத்தைக் கிணற்றில் தூக்கிப் போட்டிருப்பேன். போட்டால் இன்னொன்று வாங்குவார், இன்னும் பெரிய முள்ளாக. அதனால் அவர் கடைக்குப் போன நேரம் அதை எடுத்துக்கொண்டு குன்னத்துகாலில் இருக்கிற வெல்டிங் பட்டறைக்குப் போனேன். முள் கம்பியை இரண்டு பக்கமும் வளையத்தோடு ஒட்ட அறுத்துவிடச் சொன்னேன்.

பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “டாக்டரே, இத அறுத்துக் களஞ்சா பின்ன இதில என்ன உண்டு?”

“ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் அறுக்கச் சொல்லுதேன்.”

பித்தளைப்பூ வளையங்கள் கன்னத்தில் வெறும் அலங்காரமாகத் தொங்கின. லகானை மூக்குப்பட்டையின் பக்கவாட்டில் கோத்தேன். வாய்க்குள் எதுவுமில்லாமல், மூக்கின் மேல் படுகிற இழுப்பிலேயே குதிரையைத் திருப்பலாம், நிறுத்தலாம். மாட்டுகிற வேலையை நானே ஏற்றுக்கொண்டேன், முகத்தில் அலங்கார ஜரிகைத் துணி விழுந்ததும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏறப்போகிற அண்ணன் மகனுக்கு, என் மருமகனுக்கு, தெரிய வேண்டும். அவனுக்குத் தெரியாமல் அவனை ஏற்றுவது என் மனசுக்கு ஒப்பாது. கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினேன்.

“மாமி, இது நிக்குமா?” என்றான்.

“ஏறிப் பாரு. நிக்கலேன்னா கல்யாணத்துக்குக் காரில போ.”

நின்றது. அண்ணன் கடை திறக்கப் போன பிறகு தினமும் காலையில் அவனை ஏற்றிப் பழக்கினேன். முதல் நாளே தலையை உதறுவது நின்றுவிட்டது. செண்டை மேளத்தை ஸ்பீக்கரில் வைத்துக் காதுக்குப் பழக்கினோம். கடைசி வாரத்தில் லகானைச் சுண்டுவிரலால் தொட்டாலே நின்றது. மருமகனே அதிசயப்பட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அன்றைக்கு அவனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கல்யாணத்தன்று ரோட்டு முனையிலிருந்து மண்டப வாசல் வரை செண்டைக்கு நடுவே குதிரை வந்தது. காதை முன்னும் பின்னும் ஆட்டியதே தவிர ஓரடி பிசகவில்லை. வாசலில் நின்றது, மாப்பிள்ளை இறங்கினான். அண்ணன் பித்தளை வளையத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்: “முள்ளு இட்டதுக்க குணமாக்கும். இல்லேல் இப்படி நிக்குமா?”

நான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். சொல்லிக்கொள்ளட்டும், வாய் புண்ணாகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். விருந்தில் இரண்டாவது பாயசமும் வாங்கிக் குடித்தேன்.

கொஞ்ச நாள் கழித்து என் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு வீடியோவைக் காட்டினாள். மருமகன் குதிரையில் வருகிறான். பித்தளை வளையம் பெரிதாகத் தெரிகிறது. பின்னால் அவன் குரல்: “இந்தக் குதிரை யாருக்கும் அடங்காது. முள் கடிவாளம் போட்டு நான் அடக்கினேன்.” உடனே போன் பண்ணினேன்.

“சும்மா ஒரு ரசத்துக்கு மாமி. கமெண்டு நல்லா வருது” என்றான்.

வாயில் ஒன்றுமில்லை என்று தெரிந்தவன். அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டவன். அண்ணன் அறியாமல் பேசினார், இவன் அறிந்தே பேசினான். எடுத்துவிடு என்றேன். எடுக்கிறேன் என்றான். எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனுவச்சபுரத்தில் கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற பஸ் டிரைவர் ஒருவர், தான் ஆசைக்கு வளர்க்கிற வெள்ளைக் குதிரையை நடத்திக்கொண்டு அண்ணன் முற்றத்துக்கு வந்தார். நான் அடுக்களை ஜன்னலில் பார்த்தேன். குதிரையின் வாயில் நுரை. நுரை வெள்ளையாக இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

“ஒங்க வீடியோவக் கண்டாக்கும் இது வாங்கினேன். ஒங்க குதிரைக்கு நின்னுது. இது நிக்கல்ல, கூடுதல் துள்ளுது. நான் இட்டதில என்னமும் தப்பு உண்டா?” என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் பெரிய வைத்தியர் மாதிரி வாரைத் தொட்டுப் பார்த்தார். “லூசாக்கும். இன்னும் ஒரு துளை இறுக்கிப் போடும்.”

“கைய எடுங்க!” என்று கத்தினேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அண்ணனிடம் அப்படிக் கத்தியதில்லை. உள்ளே போய்க் கல்யாணத்துக்குப் போட்ட கடிவாளத்தை எடுத்து வந்து, எங்கள் குதிரைக்கு மாட்டி, டிரைவருக்கு முன்னால் அதன் உதட்டை விலக்கினேன். உள்ளே நாக்கும் பல்லும்தான் இருந்தன.

அவர் விரலை விட்டுப் பார்த்தார். “அப்போ, கல்யாணத்தன்னைக்கு?”

“அன்னைக்கும் ஒண்ணும் இல்ல.”

அண்ணனின் முகம் கறுத்தது. “எனக்க மகனுக்க உயிர வச்சாட்டி விளையாடின?”

“அவனுக்குத் தெரியும். அவன்கிட்டயே கேளுங்க.”

மருமகன் வராந்தாவில் போனோடு நின்றிருந்தான். எல்லோரும் அவனைப் பார்த்தோம். வெள்ளைக் குதிரையின் வாயிலிருந்து சொட்டுகிற ரத்தம் அவனுக்கும் தெரிகிற தூரம்தான்.

“வீடியோவ இனி எடுக்க முடியாது மாமி. ரெண்டு லட்சம் பேரு பாத்தாச்சு” என்றான்.

இத்தனை வயதில் எத்தனையோ வெட்கம் கெட்ட பேச்சைக் கேட்டிருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அந்த ரெண்டு லட்சத்தில் குதிரை வைத்திருக்கிறவன் எத்தனை பேர் என்று கேட்டேன்.

டிரைவர் தன் குதிரையின் கடிவாளத்தை அவிழ்த்தார். முள்ளோடு தோலும் வந்தது. குதிரை அப்புறமும் வாயை மூடவில்லை, நாக்கை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றது. நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற ஊற்ற, அவர் கையாலேயே கழுவினார். கழுவி முடித்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“டாக்டரே, எனக்க குதிரைக்க வாய வீடியோ எடுங்க. பின்ன ஒங்க குதிரைக்க வாயையும் எடுங்க. எனக்க மொகத்தையும் சேத்து எடுங்க. நான் மடையன்னு நாலு பேரு பாக்கட்டு.”

எடுத்தேன். அவர் காமிராவைப் பார்த்து, வீடியோவை நம்பி வாங்கினேன், யாரும் வாங்காதீங்க என்று சொன்னார். குரல் உடைந்தது, ஆனாலும் முழுவதும் சொன்னார். யாரையும் ஏமாற்றாத மனுஷன் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். ஏமாற்றியவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அண்ணனுக்கு மகன் பொய் சொன்னதில் கோபமில்லை. ரத்தத்தைப் பார்த்தும் வருத்தமில்லை. மாப்பிள்ளையைச் சுமந்து வந்த குதிரை வாயில் ஒன்றுமில்லாமல் வந்தது என்று ஊர் அறியப்போகிறதே, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“மானம் போச்சு. வாயில கடிஞாண் இடாத குதிரை எனக்க முற்றத்தில நிக்காண்டாம். ஒனக்கு அவ்வளவு தெரியுமெங்கில் நீயே கொண்டு போய் வச்சுக்கட்டி!” என்று கத்தினார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, நான் கயிற்றை அவிழ்த்துக் குதிரையை என் வீட்டுப் பக்கம் நடத்திவிட்டேன்.