குடைமிளகாய்க்கு ஒரு பந்தல்

ராஜேந்திரன் செங்கம் ரோட்டு விடுதி ஒன்றில் சமையல்காரர். அங்கே தங்கும் வெள்ளைக்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் குடைமிளகாயை வீட்டுக்குப் பின்னால் பசுமைக்குடில் போட்டு, தானே விளைவிக்க ஆசைப்பட்டார். நிழல்வலையும் பாலித்தீன் தாளும் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். தட்டுகளில் விதையும் போட்டார். குடிலுக்குச் சவுக்குக் கொம்பு நடுவதற்குள் மார்வலி வந்து போய்ச் சேர்ந்தார். அது 2003, பங்குனி மாதம்.

மனைவி சரோஜா அழவில்லை. பூவையும் வளையலையும் எடுத்தபோதும் அழவில்லை. கல்லாகிவிட்டாள் என்றார்கள். கல்லாவது வெயிலில் சுடும்.

துக்கத்துக்காக வாசலில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். முளைத்து இலை விட்ட நாற்றுத் தட்டுகளை யாரோ அதன் நிழலில் நகர்த்தி வைத்திருந்தார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் பந்தல்காரர் சாந்த் பாஷா பிரிக்க வந்தார். முதல் கீற்றை இழுத்ததும் வெயில் நேராக நாற்றுகள்மேல் விழுந்தது. மூலையில் கிடந்த சரோஜா எழுந்து வந்தாள்.

"பாய், கொம்பைக் கொண்டு போவாதீங்க. பின்னாடி நட்டுக் குடுங்க. அவரு வலை வாங்கி வெச்சிருக்காரு."

நாத்தனார் தனம் பதறிப்போனாள்.

"வேணாம் அண்ணி. சாவுப் பந்தலை வீட்ல வெச்சா இன்னொரு உசுரு கேக்கும்."

"இந்த வீட்ல இன்னொரு உசுருன்னா நான்தான். கேக்கட்டும்."

பாஷாவும் தயங்கினார். துக்க வீட்டில் சாமானை விட்டு வந்தது தெரிந்தால் கல்யாணத்துக்குத் தன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றார்.

"இதே கொம்பு நாளைக்குக் கல்யாணத்துக்குப் போவுமில்ல?" என்று கேட்டாள் சரோஜா.

"போவும். எங்கேர்ந்து வருதுன்னு யாரும் கேக்க மாட்டாங்கம்மா."

சொன்ன பிறகு அவரே சற்று யோசித்தார். பிரித்ததையெல்லாம் வண்டியில் ஏற்றி, பந்தல் போய்விட்டது என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் புறப்பட்டார். முனைக்கடையில் டீ குடித்தார். பிறகு பின்சந்து வழியாக அதே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இது வேற சரக்கும்மா," என்றார் தனத்திடம்.

"அதே கொம்பு மாதிரி இருக்கு, பாய்."

"சவுக்குன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

தனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் தடுக்கவில்லை.

கொம்புகள் நின்றன. மேலே தாள், சுற்றிலும் வலை. கல்யாணக் கொட்டகை போல இடைவெளியே இல்லாமல் மூடப் போனார் பாஷா. உச்சியில் சூடு வெளியேற வழி விட வேண்டும் என்று கணவர் சொன்னதைச் சரோஜா எடுத்துச் சொன்னாள். அவர் படுத்திருந்த கட்டிலையே உள்ளே போட்டு, தட்டுகளுக்கு மேடையாக்கினாள். வாசலில் ஒரு தட்டு அதற்குள் வாடிச் சாய்ந்திருந்தது. மற்றவற்றைத் தனமே தூக்கி வந்தாள்.

"பொழச்சிக்கும் அண்ணி."

சரோஜா "ம்" என்றாள்.

மறுநாள் நாற்றுகள் நிமிர்ந்து நின்றன. அவளுக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தண்ணீர் ஊற்றினாள். சாயந்திரம் மறுபடி ஊற்ற வேண்டும் என்பது மட்டும் நினைவிருந்தது.