பவித்ராவின் புத்தகங்கள்

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அறிவுச்செல்வியின் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு கால அட்டவணை ஒட்டியிருக்கும். ஒன்பது மணி தமிழ், பத்து மணி கணக்கு, பதினோரு மணி அறிவியல் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. அடியில், 'தண்ணீர் வரும் நாள் விடுமுறை' என்று எழுதியிருப்பாள். திண்டுக்கல்லில் குடியிருந்தவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் எட்டிப் பார்க்கிற ஊரில், அன்றைக்கு எவர் பாடம் நடத்துவார்? அந்த அட்டவணைக்கு ஒரே ஒரு மாணவி, அவளுடைய மகள் ஜெஸ்ஸி.

ஆசைப்பட்டா பெற்ற பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டாள்? 1997இல் ஒன்றாம் வகுப்பில் சேர்த்த மூன்றாம் மாதம், காலைப் பிரேயரில் நின்றுகொண்டிருந்த ஜெஸ்ஸி கைகால் வெட்டி இழுத்துக் கீழே விழுந்தாள். வாட்ச்மேன் ஓடிவந்து பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். அடுத்த மாதம் இன்னொரு முறை. அதற்கப்புறம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"குணமான பெறகு கூட்டிட்டு வாங்கம்மா. மத்த பிள்ளைக பயப்படுதுக."

இன்னொரு பள்ளிக்கூடத்தில் டாக்டர் கடிதம் கேட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். படித்துப் பார்த்துவிட்டு இடமில்லை என்றார்கள். அப்புறம் எதற்கையா கடிதம் கேட்டீர்கள்?

"கொணமான பெறகாம்ல! அதுவரைக்கும் எம்பிள்ளை செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா?" என்று வீட்டுக்கு வந்து கத்தினாள். அவள் பிளஸ் டூ படித்தவள். டீச்சர் டிரெய்னிங் போகவேண்டும் என்று கிடந்தவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கணவர் சகாயராஜ் சின்னாளப்பட்டி டவுன் பஸ்ஸில் கண்டக்டர்.

"மொதல்ல பிள்ளை உசுரோட இருக்கட்டும். படிச்சுக் கலெக்டராவா ஆகப்போறா?" என்றார் சகாயராஜ். கெட்ட மனுஷன் இல்லை. மாத்திரை தீர்வதற்கு இரண்டு நாள் முன்னாலேயே வாங்கிவந்து அலமாரியில் வைத்துவிடுகிறவர். பிள்ளை மேல் அவருக்கு இருந்தது பயம். அந்தப் பயத்தில் படிப்பு எங்கே நினைவு வரும்?

சொல்லித் தருவது என்று முடிவெடுத்தாகிவிட்டது. எதை வைத்துச் சொல்லித் தருவது? பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் வழுவழுப்பான தாளில் ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கிவந்தார் சகாயராஜ். பிள்ளைக்கு வீட்டுக்குள்ளாவது இங்கிலீஷ் மீடியம் வாய்க்கட்டும் என்று. இரண்டே வாரத்தில் ஜெஸ்ஸி, "அம்மா, ஒனக்கே தெரியாதா?" என்று கேட்டுவிட்டாள். அடுத்து ஒரு கைடு. அதில் கேள்வி பதில் இருந்தது, பாடம் இல்லை. கடைசியில் அறிவுச்செல்விக்கே புத்தி வந்தது. என்றைக்கிருந்தாலும் அரசாங்கம் வைக்கிற பரீட்சையைத்தான் எழுதப்போகிறாள், அதற்கு அரசாங்கப் புத்தகம்தான் சரி. பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டால், பேர் பதிந்த பிள்ளைக்குத்தான் புத்தகம் என்றார்கள். அந்தக் கோபத்தோடு நடந்து போய் நின்ற இடம்தான் பேகம்பூரில் முகமது பாரூக்கின் பழைய பேப்பர் கடை.

அங்கே, ஜூன் மாதத்து வெயிலில், கட்டுக்கட்டாய்ப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவள் கையில் அகப்பட்டது இரண்டாம் வகுப்புத் தமிழ். லேபிளில், 'க. பவித்ரா, 2-ஆ' என்று எழுதியிருந்தது. உள்ளே திறந்தால் சிவப்புப் பென்சிலில் அடைப்புக்குறி போட்டு, ஓரத்தில் 'முக்கியம்' என்று ஒரு பெரியவர் கையெழுத்து. சில பாடங்களின் தலையில், 'வராது.' பரீட்சைக்கு வராதாம். அறிவுச்செல்விக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதை நடத்துவது, எதை விடுவது என்று தெரியாமல் ஒரு வருடமாய்த் தவித்தவளுக்கு ஒரு வகுப்பறையே கையில் கிடைத்த மாதிரி இருந்தது. அதே பெயர் போட்ட மற்றப் புத்தகங்களையும் குப்பையைக் கிளறித் தேடி எடுத்தாள்.

அடுத்த வருடமும் போனாள். "பாய், பவித்ரான்னு பேர் போட்டது வந்திருக்கா?"

"யாரும்மா அது, சொந்தக்காரப் பிள்ளையா?"

"ஆமா பாய்" என்றாள். வேறென்ன சொல்வது?

சைக்கிள்காரர்கள் தெருத்தெருவாய்ப் போய் எடைக்கு வாங்கி வருவதில் அந்தக் கட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. எந்தத் தெரு, எந்த வீடு என்று ஒருவருக்கும் தெரியாது. பாரூக் பாய் தனியே சணல் போட்டுக் கட்டி மேல் பலகையில் எடுத்து வைத்துவிடுவார். பவித்ரா மூன்று முடித்தால் ஜெஸ்ஸி மூன்று தொடங்குவாள். பவித்ரா நான்கு முடித்தால் ஜெஸ்ஸிக்கு நான்கு. நாலாம் வகுப்பிலிருந்து 'முக்கியம்' என்ற எழுத்து பவித்ராவின் சொந்தக் கையெழுத்தாகிவிட்டது, குண்டு குண்டாக.

ஜெஸ்ஸிக்கு அது பாடப்புத்தகம் மட்டுமில்லை. "அம்மா, பவித்ரா இந்தக் கணக்கத் தப்பாப் போட்டுருக்கா!" என்று குதிப்பாள். பவித்ரா மீசை வரைந்துவிட்ட ராஜா படத்துக்கு இவள் கண்ணாடி மாட்டுவாள். ஆறாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் பவித்ரா, 'என் தோழிகள்' என்று தலைப்புப் போட்டு ஐந்து பெயர்களைப் பேனாவில் எழுதியிருந்தாள். ஒருநாள் அறிவுச்செல்வி அதைப் பார்க்கும்போது கீழே பென்சிலில் ஆறாவதாய் ஒரு பெயர் இருந்தது: ஜெஸ்ஸி. எந்தத் தெருப் பிள்ளையும் விளையாடக் கூப்பிடாத தன் மகள் சேர்ந்துகொண்ட கூட்டம் அது. அறிவுச்செல்வி புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள், கேட்கவில்லை.

பதினொரு வயதுக்கு மேல் வலிப்பு குறைந்தது. பிறகு ஒன்றரை வருடம் வரவேயில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமைச் சிஸ்டரிடம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். சிஸ்டர் ஜெஸ்ஸியை வாசிக்கச் சொன்னார், பலகையில் ஒரு கணக்குப் போடச் சொன்னார். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்துருக்கீங்க. ஆனா கையில ஒரு பேப்பர் இல்லாம நான் சேக்க முடியாது. வர்ற வருசம் பிரைவேட்டா எட்டாவது பரீட்சை எழுதட்டும். பாஸாகி வந்தா ஜூன்ல ஒம்பதாவதுல ஒக்கார வைக்கிறேன். அந்த ஜூன் முடிய நான் இருப்பேன், அதுக்கு மேல மாத்திருவாங்க. புதுசா வர்றவங்க எப்பிடியோ, எனக்குத் தெரியாது."

திரும்பி வரும்போது ஜெஸ்ஸி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பெஞ்சுல எத்தன பேரும்மா ஒக்காருவாங்க?"

சகாயராஜே மாறிப்போனார். பரீட்சைக்கு மனுப் போடுவதற்கு முன்பே யூனிஃபார்ம் துணி எடுத்துவந்து பீரோவில் வைத்துவிட்டார். "இப்பவே எதுக்குங்க?" என்றதற்கு, "கெடக்கட்டும், நீல கலர் எப்பவும் கெடைக்காது" என்றார். கடைக்குக் கடை நீலத்துணி தொங்குகிற ஊரில்!

பரீட்சைக்கு முந்தைய ஜூனில் பேகம்பூர்க் கடைக்குப் போனவள் அசந்துபோனாள். எட்டாம் வகுப்புப் புத்தகம் மலையாய்க் குவிந்து கிடந்தது. அட்டை கசங்காததெல்லாம் கிடந்தது.

"இந்த வருசம் என்னமோ எட்டாப்பு அம்புட்டு வந்து கெடக்குதும்மா. எது வேணுமோ எடுத்துக்க" என்றார் பாரூக் பாய்.

மாதா கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தாள். மற்ற வருடங்களில் தம்பிக்கு, தங்கைக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று பத்திரப்படுத்துகிற ஜனங்கள் ஒட்டுமொத்தமாய் ஏன் இதை எடைக்குப் போட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பாய்க்கும் தோன்றவில்லை, அவருக்கு அதெல்லாம் கிலோ. அத்தனை கசங்காத புத்தகத்தையும் தள்ளிவிட்டு, மேல் பலகையிலிருந்து பவித்ராவின் கட்டைத்தான் வாங்கிக்கொண்டு வந்தாள். பரீட்சை மனுவில், 'நடப்புப் பாடத்திட்டத்தின்படி தேர்வு நடைபெறும்' என்று அச்சடித்திருந்தது. நடத்திக்கொண்டிருப்பதுதானே நடப்பு என்று வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அடி பாவி மகளே, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யாரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா? யாரிடம் கேட்பாள்? ஒரு பள்ளிக்கூட வாசலும் அவளுக்குத் திறந்திருக்கவில்லையே.

அந்த வருடம் தண்ணீர் வந்த நாளில்கூட ஜெஸ்ஸி லீவு எடுக்கவில்லை. பவித்ரா 'முக்கியம்' என்றதையெல்லாம் கரைத்துக் குடித்தாள். 'வராது' என்றதைத் தொடவில்லை.

ஏப்ரலில் பரீட்சை. ஐந்து நாள், ஐந்து பேப்பர். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மீசை வைத்த ஆண்கள். டிரைவர் வேலைக்கு எட்டாவது பாஸ் கேட்கிறார்கள் என்று எழுத வந்தவர்கள். நடுவில் இரட்டைச் சடையோடு ஜெஸ்ஸி. முதல் நாள் தமிழ். வேப்பமரத்தடியில் காத்திருந்தவளிடம் பிள்ளை மெதுவாய் நடந்து வந்தாள். முகத்தில் ரத்தமில்லை.

"அம்மா, நீ சொல்லிக் குடுத்த எதுவும் வரலம்மா. மனப்பாடப் பாட்டே வேற."

"வேறயா? எப்பிடிடி வேறயா இருக்கும்?"

"நெசமாம்மா."

உள்ளே வலிப்பு வந்திருக்குமோ, நினைவு தப்பியிருக்குமோ என்று அறிவுச்செல்விக்குப் பயம். அந்தப் பயம் வாயில் கோபமாய் வந்தது.

"எட்டு வருசமா ஊட்டி ஊட்டி விட்டேனே, அம்புட்டும் எங்கடி போச்சு? மண்டையில ஒண்ணுமே நிக்கலையா ஒனக்கு? பள்ளிக்கூடத்துல ஒன்னைய வேணாம்னாங்களே, அவங்க சொன்னதுதான் சரியா அப்ப?"

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கவே கூடாது. இருமல் மாதிரி வெளியே வந்துவிட்டது.

பக்கத்தில் பீடியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ஆள் எழுந்து வந்தான். சிலுவைமுத்து என்று பெயர், லாரி கிளீனர், அவனும் பரீட்சை எழுத வந்தவன். "பாப்பாவத் திட்டாதீங்கக்கா. புஸ்தகம் மாறிப்போச்சே, தெரியாதா? இந்த வருசந்தான் மாத்துனாங்க" என்று கையிலிருந்த புத்தகத்தை நீட்டினான். அட்டைப்படமே வேறு. அறிவுச்செல்வி பக்கம் பக்கமாய்ப் புரட்டினாள். ஒரு பாடம்கூடத் தெரிந்த பாடமாய் இல்லை. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

சிலுவைமுத்து நல்லவன், தன்னிடமிருந்த அறிவியலையும் சமூக அறிவியலையும் கொடுத்துவிட்டுப் போனான். மிச்சம் நான்கு நாள். ஒரு வருடத்தை நான்கு நாளில் யார் தலைக்குள் ஏற்ற முடியும்? ஜெஸ்ஸி கணக்கில் மட்டும் தேறினாள்.

மார்க்ஷீட் வந்த அன்றே சிஸ்டரிடம் ஓடினாள். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். "அய்யோ, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா" என்றார். வருத்தப்பட்டார், உண்மையாகவே. புதிதாய் வந்தவர் மார்க்ஷீட்டை ஒரு தரமும் ஜெஸ்ஸியை ஒரு தரமும் பார்த்துவிட்டு, "பாப்போம்மா" என்றார். அந்த 'பாப்போம்' என்ன என்பது அறிவுச்செல்விக்கு மனப்பாடம்.

"அடுத்த வருசம் எழுதுவோம்டி. புதுப் புத்தகம் எப்பிடியாச்சும் வாங்கிருவேன்" என்று மகளிடம் கெஞ்சினாள்.

"வேணாம்மா."

"ஏன்டி?"

"நீயே என்னைய நம்பலையே." சத்தம் போடாமல், அழாமல் சொன்னாள். அறிவுச்செல்வி காலில் விழாத குறையாய் மன்னிப்புக் கேட்டாள். "சரிம்மா, விடு" என்றாள் ஜெஸ்ஸி. விட்டது படிப்பைத்தான். அந்த மாதமே, இரண்டரை வருடத்துக்கு மேல் வராமலிருந்த வலிப்பு அடுப்படியில் வைத்து வந்தது.

பேகம்பூர்ப் பக்கம் போவதில்லை என்றிருந்தவளைப் பாரூக் பாய்தான் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனால் மேல் பலகையிலிருந்து சணல் போட்ட கட்டை இறக்கினார். "வந்திருச்சும்மா! பவித்ரா ஒம்பதாப்பு. எப்ப வருவ எப்ப வருவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்து அவள் என்ன சொல்வாள்? வாங்கிக்கொண்டு வந்து பரணில் போட்டாள்.

வருடம் இரண்டு போயிற்று. யூனிஃபார்ம் துணியைச் சகாயராஜ் ஒருநாள் யாருக்கோ கொடுத்துவிட்டார், யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. தீயும் தையல் மிஷினும் பக்கத்தில் இருக்கக் கூடாத பிள்ளைக்கு வீட்டிலிருந்து செய்ய ஒரே வேலைதான் அமைந்தது, கடலைக் கடைகளுக்குப் பேப்பர் கவர் ஒட்டுவது. காலை ஒன்பது மணிக்கு, அட்டவணைக்குக் கீழே அதே இடத்தில், பசைக் கிண்ணத்தோடு அம்மாவும் மகளும் உட்கார்ந்தார்கள்.

ஒருநாள் தாள் தீர்ந்துபோயிற்று. ஜெஸ்ஸி நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்த கட்டுகளையெல்லாம் இறக்கினாள். இரண்டாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை. "நல்ல தாளும்மா, கெட்டியா நிக்கும்" என்று அட்டையைப் பிய்த்தாள்.

'முக்கியம்' எல்லாம் கவராயிற்று. 'வராது' எல்லாம் கவராயிற்று. ஆறாம் வகுப்புப் புத்தகம் வந்தபோது அறிவுச்செல்விக்குக் கை ஓடவில்லை. கடைசிப் பக்கம். பேனாவில் ஐந்து பெயர், பென்சிலில் ஒன்று.

"அத மட்டும் எடுத்து வச்சுக்கடி, ஆத்தா."

ஜெஸ்ஸி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். "எதுக்கும்மா?" என்றாள். விரலில் பசையைத் தொட்டு ஓரத்தில் தடவி, பெயர்களெல்லாம் உள்ளே போகும்படி மடித்து அழுத்தினாள். பிறகு கையை நீட்டினாள். அறிவுச்செல்வி அடுத்த தாளை எடுத்துக் கொடுத்தாள்.