திராட்சைக்கொடித் தாள்

அது ஒரு முழ நீளமுள்ள தடித்த தாள். மேலெல்லாம் ஊசித்துளைகள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் துளைகள் ஒன்றுசேர்ந்து ஒரு திராட்சைக்கொடியாகத் தெரியும். அதைப் பின்னல் தலையணைமேல் விரித்து, துளைதோறும் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டால் அந்தக் கொடி லேஸாக வளரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நாகர்கோவிலை அடுத்த ஒரு மிஷன் லேஸ் அறையில் இத்தகைய தாள்கள் இருந்த அலமாரி என் பொறுப்பில் இருந்தது. திராட்சைக்கொடித் தாளின் மூலையில் மட்டும் ஆங்கிலத்தில் இரண்டு வரி அச்சிட்டிருந்தது. சீமையிலுள்ள ஒரு அம்மாள் வரைந்தது, அவருக்கே உரியது, அவர் சம்மதமின்றி யாரும் நகலெடுக்கலாகாது. எங்கள் அறைக்கு மட்டும் சம்மதம் தந்திருந்தார்.

துணி விளிம்பில் தைக்கும் அந்தத் திராட்சைக்கொடி ஓரத்தை என் சிநேகிதியைப்போல் பின்னியவர் கிடையாது. ஆறு வருஷம் அடுத்தடுத்த தலையணைகளில் உட்கார்ந்திருந்தோம். ஜெபப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே அவள் குச்சிகளை மாற்றுவாள். ஓர் இழை பிசகாது. பிறகு இரணியலுக்கு அப்பால் ஒரு பனையேறிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். இரண்டு பிள்ளைகள் பிறந்தபின், ஒரு மழைக்காலத்தில் அவளுடைய கணவர் பனையிலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போயிற்று.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவள் லேஸ் அறைக்கு வந்தாள். கணவரைப் புரட்டிப் படுக்க வைக்கவும் ஆள் வேண்டியிருந்ததால் அவளால் தினமும் வேலைக்கு வர இயலாது. குளச்சல் வியாபாரி ஒருவர், திராட்சைக்கொடி ஓரம் வீட்டிலிருந்தே பின்னித் தந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

"ஏட்டி, அடியில ஒரு தாள வச்சு ஊசியால குத்தித் தந்தா போதும். ஆரு அறியப் போறா?" என்றாள்.

நான் மறுத்தேன். "அது நம்மளுக்க சாதனம் இல்ல, மக்கா. வரஞ்சவியளுட்ட கேட்டுத் தாறேன்."

"கேட்டா தருவாவளா?"

அவள் கோபப்படவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, வந்த வழியே நடந்தாள். அந்த வாரமே நானாக ஒரு பிச்சிப்பூ ஓரம் வரைந்து, துளையிட்டு, ஆள்வசம் அனுப்பினேன். அது யாரும் தடுக்க முடியாத என் சொந்த வரைவு. வியாபாரி அதைத் திருப்பிவிட்டார். அவருக்குத் திராட்சைக்கொடிதான் வேண்டியிருந்தது.

மறுத்ததற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை. கேட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பதினாறு நாள் வாய் திறக்காமலிருந்தேனே, அதுதான் இந்த வயதிலும் நெஞ்சில் கிடக்கிறது. லேஸ் அறையை நடத்திய மிஷனரி அம்மாளான எங்கள் மிசியம்மா கண்டிப்பானவர். அலமாரியிலிருந்து தாள்கள் வெளியே போகின்றன என்று எண்ணிவிடுவாரோ என்ற பயம். கடைசியில் சொன்னபோது, இதற்கா இத்தனை தயக்கம் என்று கேட்டு, அன்றைக்கே சீமைக்குக் கடிதம் எழுதினார்.

கப்பலில் பதில் வர மூன்று மாதமாயிற்று. அந்த அம்மாள் சந்தோஷமாகச் சம்மதித்திருந்தார். நகலின் மூலையில் தம் பெயரை எழுதிவிட்டால் போதும் என்றார். நான் தாளை நகலெடுத்து, அவர் பெயரை எழுதிக்கொண்டு சிநேகிதியின் ஊருக்கு ஓடினேன்.

என் சிநேகிதி காயலோரத்தில் உட்கார்ந்து, ஊறிய தேங்காய் மட்டையைக் கட்டையால் அடித்து நார் பிரித்துக்கொண்டிருந்தாள். வியாபாரி காத்திருக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கஞ்சி வேண்டுமே. இந்த வேலைக்கு வந்துவிட்டாள். கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துத் தாளை வாங்கித் தடவினாள். உப்புநீரில் வெடித்து, தடித்துப்போன விரல்கள் அவை. துளைகள் அந்த விரல்களுக்குத் தட்டுப்படவில்லை.

"இனி இந்தக் கைக்கு நூலு இணங்காது, மக்கா," என்றாள். தாளை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்க பேர மிசியம்மா அவியளுக்கு எழுதினாவளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

அந்த அம்மாளுக்கு அனுப்பிய நன்றிக் கடிதத்தில் அவள் கைகளைப் பற்றி நான் எழுதவில்லை. மறு வருஷம் அந்த அம்மாளிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. என் சிநேகிதி பின்னிய ஓரத்தில் ஒரு சாண் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அதைக் கொண்டுபோய் அவளிடம் சொன்னேன்.

"நீ பின்னு. எனக்க பேரு போட்டு அனுப்பு," என்றாள்.

இந்த முறை நான் மறுக்கவில்லை. அவள் பின்னுவதுபோல் வரவேண்டுமென்று மூன்று முறை அவிழ்த்துப் பின்னி, அவள் பெயரைச் சீட்டில் எழுதி அனுப்பினேன். வெகு அழகான வேலை என்று அவள் பெயருக்கே அந்த அம்மாளிடமிருந்து பதில் வந்தது. கொண்டுபோய் அவளிடம் வாசித்துக் காட்டினேன்.