ஐந்தடிக் கோடும் வடிவம்மாவும்

வடிவம்மா நாலடி ஏழங்குலம். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு ஓடிவந்து, செட்டிகுளத்துக் காட்டோரம் குடியேறிய மூக்கனின் மகள். பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே ஆட்டத்தில் மட்டையோடு நின்றால், மட்டைதான் அவளைப் பிடித்திருக்கிறது என்று தோன்றும். ஆனால் அவள் அடித்த பந்து மன்னாருக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும். நம்பமாட்டீர்களா? சரி, குளக்கட்டைத் தாண்டும், அது சத்தியம். எல்லேயில் ஓடுகிறவரைப் பந்தால் எறிந்தும் ஆட்டமிழக்கச் செய்யலாம். இவளுக்கு எறிந்தவர்களுக்குத் தோள் நொந்ததுதான் மிச்சம்.

எண்பதாம் ஆண்டு, வவுனியாவில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் தன் எல்லே அணிக்கு ஒரு பெட்டைப் பிள்ளையை எடுப்பதாக அறிவித்தது. எடுபட்டால் விடுதிச் சோறு, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ஏ.எல். படிப்பு. நான் படிப்பித்த எங்கள் ஊர்ப் பள்ளியிலோ பத்தாம் வகுப்போடு சரி. அதற்கு அப்பால் மிளகாய்க்குக் களை பிடுங்குவதுதான்.

தெரிவு செய்ய வந்தவர் தில்லைநாதன் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துக்குக் கீழே காணி பெற்று நெல்லும் மிளகாயும் செய்தவர். உழவெருமைக்கு முதுகுயரம் பார்ப்பதுபோலவே பிள்ளைகளையும் பார்ப்பார். கதவு நிலையில் ஐந்தடிக்கு ஒரு கரிக்கோடு கீறுவார். அதைத் தொடாத தலை அவருக்குத் தலையே இல்லை.

இதைக் கேள்விப்பட்ட தாய் அமராவதி, மகளின் கூந்தலுக்குள் தேங்காய்த் தும்பை உருட்டி வைத்து, உச்சியில் கொண்டை முடிந்து கூட்டிவந்தாள்.

எங்கள் பள்ளி முற்றத்துக்கு வந்தவர்கள் பத்துப் பேர். ஆளுக்கு மூன்று பந்து. வடிவம்மா அடித்த மூன்றும் குளத்துக்குள். ஐந்தடி ஐந்தங்குல விமலேஸ்வரி மூன்று முறையும் காற்றுக்கு அடித்தாள். பெயர் எழுத உட்கார்ந்திருந்த நான் கேட்டேன்:

"வடிவம்மாவைத்தானே எழுத, மாஸ்டர்?"

"பொறுங்கோ ரீச்சர். முதல் கோட்டடியிலை நிக்கட்டும்."

கொண்டை கோட்டைத் தொட்டது. அவர் அடிமட்டத்தை மேலே வைத்து அழுத்தினார். தும்பு பிதுங்கிக் காதோரம் தொங்கியது.

"எடியே, தலைக்குள்ளை மெத்தையோ தைச்சு வைச்சிருக்கிறாய்?"

"இன்னும் கொஞ்சம் இழுங்கோ மாஸ்டர், மாடு கட்டக் கயிறு திரிக்கலாம்!" என்றாள் விமலேஸ்வரி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அமராவதி ஓடிவந்தாள். "நான்தாங்க வச்சேன். அவ வேணாம்னுதான் சொன்னா. புள்ள அடிச்சத நீங்க பாத்தீங்கதானே ஐயா?"

"பாத்தனான். ஆனால் கள்ளம் செய்யிற பெட்டையை விடுதியிலை எப்பிடி வைக்கிறது? ரீச்சர், விமலேஸ்வரியை எழுதுங்கோ."

எழுதினேன். கையெழுத்தும் அழகாகவே விழுந்தது.

மறுவாரம் மாஸ்டரின் சைக்கிள் மூக்கன் வீட்டுப் படலைக் கதவடியில் நின்றது. மனம் மாறி வந்துவிட்டார் என்று நினைத்த வடிவம்மா, இரண்டு சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

மாஸ்டர் அவளைப் பார்க்கவில்லை. தகப்பனிடம் சொன்னார்:

"மிளகாய்க்குள்ளை புல்லு மண்டிப் போச்சு, மூக்கன். இவளை அனுப்பு. இந்த உயரத்துக்குப் பெரிசாய்க் குனியத் தேவையில்லை, இடுப்பு நோகாது."

"சரிங்க ஐயா," என்றான் மூக்கன்.

பையை வைத்துவிட்டு அன்றைக்கே போனாள். ஒன்பது வருடம் பிடுங்கினாள்.