முழுச் சீரமைப்பு

எங்கள் பள்ளி எழுத்தரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கும் தபால்காரருக்கும் எங்களுக்கும் அவர் முத்திரை அக்காதான். பள்ளியின் ரப்பர் முத்திரையைப் பழைய மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, சாப்பிடப் போகும்போதுகூடக் கையோடு எடுத்துப் போவார். மைப்பெட்டி காய்ந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உயிர் கொடுப்பார். "புதுசு ஒண்ணு கேட்டு வாங்கக் கூடாதா?" என்றால், "உங்களுக்கென்ன கணக்கு சார், வாய் இருக்கு, சொல்லிட்டீங்க" என்பார். நான் அங்கே கணக்கு வாத்தியார்.

அக்கா தையல்காரர் ஒருவரின் மனைவி. யாரோ விடுப்பில் போன பத்து நாளைக்குத் தட்டச்சு அடிக்க வந்தவர், இருபத்தோரு வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு வேலையை நிரந்தரமாக்க மேலே ஆறு தடவை எழுதிப் போட்டவர் எங்கள் தலைமையாசிரியை. நாங்கள் பெரிய டீச்சர் என்போம். அந்த நன்றியை அக்கா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெரிய டீச்சரின் மேசையை மட்டும் தன் கையால் துடைப்பார், வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

அந்த மேசை நடு அறையில் இருந்தது. அங்கே ஓடுகள் நகர்ந்து கிடந்தன. மழை வந்தால் ஐந்து வாளி வைப்போம். மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் வாளியைச் சுற்றி உட்கார்ந்துதான் வாய்ப்பாடு சொன்னார்கள். நாங்கள் போட்ட மனுக்களை அடுக்கினால் அதற்கே ஒரு கூரை வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் படிவம் வந்தது. 'அரசுப் பள்ளிகள் சீரமைப்பு மானியம்.' அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே மூச்சில் நிரப்பினார். கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம். சிறு சீரமைப்பு, பகுதிச் சீரமைப்பு, முழுச் சீரமைப்பு. விளக்கக் கையேடு தனியே வரும் என்று போட்டிருந்தது. கடைசித் தேதியோ மறுநாள்.

"கேட்கிறதுதான் கேட்கிறோம், முழுசாவே கேட்டுடுவோமே டீச்சர்" என்றார் அக்கா.

"நீ பார்த்துட்டேல்ல? அப்போ சரி" என்று பெரிய டீச்சர் கையெழுத்துப் போட்டார். அக்கா மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்து, முத்திரையை ஓங்கிக் குத்தினார். கையேடு எட்டு நாள் கழித்து வந்தது. அதை யார் பிரித்தார்கள்? அலமாரி ஆடாமலிருக்க அதன் காலுக்கு முட்டுக் கொடுத்தோம். நானே குனிந்து வைத்தேன், என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு மாதத்தில் மானியம் கிடைத்துவிட்டது. முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கடிதத்தை ஆசிரியர் அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார் அக்கா. "எல்லாருக்கும் டீ சொல்லிட்டேன்!" என்று நின்றபடியே உரக்கப் படித்தார். "தங்கள் பள்ளி முழுச் சீரமைப்புக்குத் தேர்வாகியுள்ளதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." நாங்கள் கைதட்டினோம். அடுத்த பத்தியையும் அதே சுருதியில் ஆரம்பித்தார். "அதன்படி தலைமையாசிரியர் இன்று முதல் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார். ஆசிரியர்களில் பாதிப் பேர், பதிவேட்டில் ஒற்றைப்படை எண் கொண்டவர்கள்..."

குரல் அங்கேயே நின்றுவிட்டது. யாரோ கடிதத்தைப் பிடுங்கி மறுபடி படித்தார்கள். எழுத்து மாறவில்லை. என் எண் எட்டு. அடப்பாவி, அந்த நேரத்திலும் மனசு முதலில் அதைத்தான் பார்த்தது. பெரிய டீச்சர் எழுந்து, டீக்காரரிடம் தன் டம்ளரை நிரம்பியபடியே திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று மட்டும் கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. அக்காவுக்கு மட்டும் தன்னிடம் கேட்டதாகவே பட்டது.

மறுநாள் காலையில் நானும் அக்காவும் பஸ் ஏறிக் கல்வி அலுவலகம் போனோம். பிரிவு அலுவலர் எங்களை உட்காரச் சொல்லி, பொறுமையாகத்தான் பேசினார். அந்தப் பொறுமைதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"சீரமைப்புன்னா பள்ளிக்கூடத்தைச் சீரமைக்கிறதும்மா."

"அதைத்தானே சார் நானும் கேட்டேன்? கூரை, சுவரு, கக்கூஸு..."

"அதெல்லாம் கட்டடம். அதுக்கு வேற துறை, அதுக்குப் பேரு பராமரிப்பு. இது ஆளுங்களை மாத்துறது, பயிற்சி கொடுக்கிறது."

"ஒரு ஓடுகூட மாத்த மாட்டீங்களா?"

"இந்தத் தலைப்புல முடியாதும்மா."

"அப்போ எங்களுக்கு மானியமே வேண்டாம் சார். வாபஸ் வாங்கிக்கிறோம்."

அலுவலர் கோப்பைப் புரட்டினார். "வாபஸ் வாங்கத் தலைமையாசிரியர் கையெழுத்து வேணும். உங்க பள்ளிக்கூடத்துக்குத்தான் இப்போ தலைமையாசிரியரே இல்லையே."

நான் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அக்கா என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். பஸ்ஸில் வழி முழுக்க அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

பள்ளிக்குத் திரும்பியபோது பெரிய டீச்சர் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது. அக்கா வாசற்படியிலேயே நின்று சொல்லிவிட்டார்.

"டீச்சர், உங்க மேல யாரும் எதுவும் எழுதல. கட்டத்துல டிக் போட்டது நான். முழுசுன்னா முழுக் கூரைன்னு நெனச்சுட்டேன். என்னை என்ன வேணா சொல்லுங்க."

பெரிய டீச்சர் இழுப்பறையைச் சாத்திவிட்டு நிமிர்ந்தார். அறைவார் என்றுகூட நினைத்தேன்.

"அப்போ நான் சரியில்லைன்னு யாரும் சொல்லலையா?"

"யாருமே சொல்லல டீச்சர்."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு ராத்திரி முழுக்க அந்த மனுஷி முப்பது வருஷத்தையும் புரட்டித் தன் குற்றத்தைத் தேடியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா பக்கத்தில் போய் நின்றார். தொட மட்டும் தைரியம் வரவில்லை. வழக்கம்போல மேசையைத் துடைத்தார்.

பெரிய டீச்சரும் ஒற்றைப்படை எண்காரர்களும் போனார்கள், புதுத் தலைமையாசிரியை வந்தார். நல்ல பெண்தான், குறை சொல்ல முடியாது. முதல் மழையிலேயே அவர் மேசைமேல் தண்ணீர் கொட்டியது. பதறிப்போய், "அக்கா, உடனே சீரமைப்புக்கு ஒரு மனு எழுதுங்க" என்றார்.

"அந்த வார்த்தையை எழுத மாட்டேன்மா" என்றார் அக்கா. வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்து, கையாலேயே எழுதி, இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.

"கூரை ஒழுகுகிறது. டீச்சர்கள் ஒழுகவில்லை. கூரையை மட்டும் மாற்றவும்."

புதியவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மைப்பெட்டியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, 'மட்டும்' என்ற சொல்லுக்கு அடியில் கோடு இழுத்து, முத்திரை குத்தினார்.